யூசர் ஃபீ யாருக்குப் போகிறது? மார்ச் 31-க்கு முன் தோப்பும்படி வாசகர்களுக்கு ஒரு விளக்கம்

மார்ச் 31 நெருங்குகிறது. மேற்குக் கொச்சியின் தோப்பும்படி, கருவேலிப்படி, சுள்ளிக்கல், பள்ளுருத்திப் பகுதிகளிலிருந்து வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன. சொத்து வரி கட்டும் நேரத்தில், வீடு வீடாகப் பிளாஸ்டிக் குப்பை எடுக்கும் ஹரித கர்ம சேனையின் யூசர் ஃபீ பாக்கியையும் கேட்கிறார்களே, இது முறைதானா? மக்கள் பங்கேற்பு, சேவை என்று சொல்லித்தானே சேனையை அமைத்தார்கள், சேவைக்கு எதற்குக் காசு? மீன்பிடித் துறைமுகத்தை நம்பி வாடகை வீட்டில் இருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்துக் குடும்பங்கள், இது தங்களுக்கும் உண்டா என்று கேட்கின்றன.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. முறைதான்; கட்டித்தான் ஆக வேண்டும். 2023 ஜனவரியில் "யூசர் ஃபீ கட்டாயமில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் கேரளம் முழுக்கச் சுற்றியது. இன்றும் சிலர் அதையே ஆதாரமாக எழுதி அனுப்புகிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மத்திய பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளே, குப்பையை உண்டாக்குபவர் உள்ளாட்சி நிர்ணயிக்கும் கட்டணத்தைச் செலுத்த வேண்டும் என்கின்றன. எஞ்சியிருந்த ஐயத்தை 2023 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் போக்கிவிட்டது. 90 நாள் கடந்தும் கட்டாவிட்டால் மாதத்துக்கு 50 சதவீத அபராதம் உண்டு. பாக்கியைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கலாம். பணம் கட்டும்வரை உள்ளாட்சியின் சேவைகளையும் மறுக்கலாம். அந்த ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீயும், பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு விதித்த 100 கோடி ரூபாய் அபராதமும் சட்டம் இந்த வேகத்தில் வந்ததற்குக் காரணம். அந்தப் புகையைச் சுவாசித்த நகரத்துக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். சேவைக்கு எதற்குக் காசு என்று கேட்பவர், அரசு விளம்பரத்தை அப்படியே நம்பிவிட்டார் என்றுதான் பொருள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீருடை, 'சேனை' என்ற பெயர், மேடைகளில் பாராட்டு எல்லாமாகச் சேர்ந்து, இந்தப் பெண்கள் ஊருக்காக ஓய்வு நேரத்தில் உழைக்கும் தொண்டர்கள் என்ற எண்ணத்தை உண்டாக்கியிருக்கின்றன. உண்மையில் கேரளம் முழுக்க 30,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு.

பணம் போகும் வழியைப் பார்த்தால் இது புரியும். பொதுவாக வார்டுக்கு இரண்டு பெண்கள். குடும்பஸ்ரீ என்ற அரசுத் திட்டத்தின் பெண்கள் குழுக்களான அயல்கூட்டங்களிலிருந்து வருபவர்கள். வீட்டு வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஃபோனில் ஸ்கேன் செய்து, கழுவி உலர்த்திய பிளாஸ்டிக்கை வாங்கி, கட்டணம் வசூலித்து, ரசீது தருகிறார்கள். பிறகு சேகரிப்பு மையத்தில் அதைத் தரம் பிரிக்கிறார்கள். விலைபோகும் பொருள், 2013-இல் அரசு தொடங்கிய க்ளீன் கேரளா கம்பெனி போன்ற இடங்களுக்குப் போகிறது. யூசர் ஃபீயும் அந்த விற்பனைத் தொகையும் சேனையின் கூட்டுக் கணக்கில் சேர்ந்து, அங்கிருந்து அவர்களின் வருமானமாகப் பிரிகின்றன. உள்ளாட்சி வண்டி தருகிறது, கையுறை தருகிறது, பற்றாக்குறை வந்தால் ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் மாதச் சம்பளம் தருவதில்லை. மாநகராட்சியின் ஊழியர் பட்டியலில் இவர்கள் பெயர் இல்லை. அரசின் ஏடுகளில் இவர்கள் தொழில்முனைவோர்.

இந்த ஏற்பாட்டின் சாமர்த்தியத்தை மறுக்க முடியாது. கருவூலத்திலிருந்து சம்பளப் பணம் எடுக்காமல் மாநிலம் முழுக்க வீட்டுக்கு வீடு ஆள் அனுப்ப முடிந்திருக்கிறது. வீட்டுக்காரருக்கும் குப்பையைப் பிரிக்க ஒரு கட்டாயம் வந்திருக்கிறது. வேறு எந்தத் திட்டத்தாலும் இவ்வளவு குறைந்த செலவில் இது நடந்திருக்காது.

எனக்கு உறுத்துவதும் அதே இடம்தான். நீங்கள் கதவைத் திறக்காமல் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொன்னால், அந்த மாதம் குறைவது மாநகராட்சியின் வருவாய் அல்ல, உங்கள் வாசலில் நிற்கும் பெண்ணின் கூலி. அடுக்குமாடிகள் நிறைந்த வார்டில் ஒரே கட்டடத்தில் ஐம்பது வீட்டை முடித்துவிடலாம். சந்துகள் நிறைந்த மேற்குக் கொச்சியில் அதே ஐம்பது வீட்டுக்கு அரை நாள் நடக்க வேண்டும். அதிலும் பல வீடுகளில் நிஜமாகவே காசு இருக்காது. உழைப்பு ஒன்றாக இருந்தாலும், எந்த வார்டு வாய்த்தது என்பதைப் பொறுத்து வருமானம் மாறுகிறது. சட்டம் கடுமையானபோது மக்களின் கோபமும் அவள்மீதே திரும்பியது. விதியை எழுதியவர் வாசலுக்கு வருவதில்லை, அவள்தான் வருகிறாள். அபராதம், சேவை மறுப்பு என்ற ஆயுதங்களைத் தந்து அவளை வசூலுக்கு அனுப்பிய அரசு, அவளுடைய வருமானத்துக்கு மட்டும் உறுதி தரவில்லை.

2023 ஜூலையில் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடி நகராட்சியின் ஹரித கர்ம சேனைப் பெண்கள் 11 பேருக்கு மழைக்கால பம்பர் லாட்டரியில் 10 கோடி ரூபாய் விழுந்தது நினைவிருக்கும். 250 ரூபாய்ச் சீட்டைத் தனியாக வாங்க வசதியில்லாமல் பங்கு போட்டு வாங்கியிருந்தார்கள். ஊரே அதை அதிர்ஷ்டக் கதையாகக் கொண்டாடியது. என் கண்ணில் பட்டது அந்த 250 ரூபாய்.

கட்டணத்தை நம்பி இயங்கும் முறை எல்லாமே இப்படித்தான் முடியும் என்றில்லை. புனேயில் குப்பை பொறுக்குவோர் 1993-இலேயே சங்கமாகத் திரண்டார்கள். அந்தச் சங்கத்திலிருந்து பிறந்த 'ஸ்வச்' கூட்டுறவு 2008-இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அங்கும் வீடுகளின் கட்டணம்தான் வருமானம். ஆனால் பேரம் பேசும் சங்கம் முதலில் வந்தது, ஒப்பந்தம் பிறகு வந்தது. கேரளத்தில் அரசாணை முதலில் வந்தது. பேசும் பலம் யாரிடம் இருக்கிறது என்பது இந்த வரிசையால் மாறிப்போகிறது.

கேரளத்திலேயே வேறொரு முன்மாதிரி உண்டு. கொல்லம் மாவட்டம் நீண்டகரையில் 2017-இல் 'சுசித்வ சாகரம்' தொடங்கியபோது, வலையில் மீனோடு சிக்கும் பிளாஸ்டிக்கை மீனவர்கள் கடலில் திருப்பி வீசாமல் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். யாரும் அவர்களுக்குக் கூலி தரவில்லை, அவர்களும் கேட்கவில்லை; படகு எப்படியும் கரைக்கு வரத்தான் போகிறது. கரையில் அதைப் பிரித்து, கழுவி, துண்டாக்கிய பெண்களுக்குக் கூலி தரப்பட்டது. அந்தத் துண்டுகள் சாலை போடப் பயன்பட்டன. யாரிடம் தொண்டு கேட்கலாம், யாருக்குக் கூலி கொடுத்தே ஆக வேண்டும் என்ற கோடு அங்கே சரியான இடத்தில் விழுந்தது. தோப்பும்படித் துறைமுகத்துக்கும் பொருந்தக்கூடிய பாடம் இது.

அந்தக் கோடு தவறாக விழுந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகர்கள் அண்மையில்தான் பார்த்தார்கள். சென்னையில் சுய உதவிக் குழு வழியாக எடுக்கப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் ஆண்டுக்கணக்கில் தெரு கூட்டிய பிறகு, இரண்டு மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து 2025 ஆகஸ்ட்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தியது. அதே ஆண்டு பிப்ரவரியில் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களான ஆஷாக்கள் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அரசின் கணக்கில் ஆஷாக்களும் தன்னார்வலர்கள்தாம். அவர்களுக்குத் தரப்படுவது சம்பளம் அல்ல, மதிப்பூதியம். சுய உதவிக் குழு, தன்னார்வலர், தொழில்முனைவோர் என்று ஏடுகளில் வகை மாறினாலும், மூன்று இடத்திலும் இருப்பது ஏழைப் பெண்களின் முழுநேர உழைப்பு.

2025 மார்ச் 30 அன்று கேரளம் குப்பையில்லா மாநிலமாக அறிவிக்கப்பட்டது. வீட்டு வாசலில் வாங்கும் பிளாஸ்டிக்கின் அளவு கூடியிருப்பதை ஏற்கிறேன். ஆனால் மேற்குக் கொச்சியின் கால்வாய்க் கரைகளில் வசிப்பவர்களை அந்த அறிவிப்பை நம்பச் சொல்ல எனக்கு மனம் வராது.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

வாடகைக்கு இருப்பவர்? குப்பை யாருடையதோ கட்டணமும் அவருடையது. பாக்கி கட்டடத்தின் மேல் ஏறும் என்பதால் உரிமையாளர் உங்களிடம் கேட்பார், ஆகவே ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

சமையல் கழிவை நாங்களே உரமாக்குகிறோம்? நல்லது, ஆனால் பிளாஸ்டிக்குக்கான கட்டணம் அதனால் போகாது.

வீடு பூட்டிக் கிடந்தது? மாநகராட்சிச் செயலாளருக்கு இப்போதே எழுத்து மூலம் தெரிவியுங்கள். வாசலில் வந்து நிற்பவரிடம் வாதாடிப் பயனில்லை.

கட்டவே வழியில்லாத குடும்பம்? மிக வறியவர்களுக்கு விலக்களிக்கச் சட்டத்தில் இடமுண்டு, கவுன்சிலரிடம் கேளுங்கள்.

வீட்டில் கல்யாணம்? 100 பேருக்கு மேல் கூடினால் மூன்று நாள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும்.

குப்பை கொட்டுபவரைப் படம் பிடித்து அனுப்பினால்? அபராதத்தில் ஒரு பங்கு வெகுமதியாகக் கிடைக்கும்.

நாங்களும் தொண்டு செய்ய விரும்புகிறோம்? பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்துக் கொடுங்கள், சந்துக்குள் நடக்க முடியாத முதியவர்களின் பையைத் தெருமுனைவரை கொண்டுவந்து வையுங்கள்.

இதையெல்லாம் எங்கே கேட்பது? ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரம் என்பதால் கொச்சியில் வார்டு சபை கிடையாது, வார்டு கமிட்டிதான். ரெசிடன்ஸ் அசோசியேஷன்களுக்கும் அயல்கூட்டங்களுக்கும் அதில் பிரதிநிதித்துவம் உண்டு. உங்கள் அசோசியேஷனிலிருந்து யார் போகிறார் என்று விசாரியுங்கள். 31-ஆம் தேதிக்குள் பாக்கியைக் கட்டி ரசீது வாங்குங்கள். அடுத்த கூட்டத்தில் அவரைக் கொண்டு ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கொடுக்கச் செய்யுங்கள்: நம் வார்டில் குப்பை எடுக்கும் இரண்டு பெண்களுக்கு, எத்தனை வீடு காசு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், மாநகராட்சி உறுதியளிக்கும் குறைந்தபட்ச மாத வருமானம் எவ்வளவு?