முஸ்ஹஃபின் பக்க அமைப்பு

வடிவமைப்பு என்பது பொருளுக்கு அழகூட்டப் பின்னர்ச் சேர்க்கப்படும் மேற்பூச்சு எனக் கருதுவோர் பலர். பயன்படுத்துவோரின் கண்ணும் கையும் நினைவும் எங்கே இடறும் என முன்னறிந்து அதற்கேற்ப உருக்கொடுப்பதே உண்மையான வடிவமைப்பாகும். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நாம் நாள்தோறும் கையிலேந்தும் முஸ்ஹஃபே போதும்.

தொடக்ககாலப் பிரதிகளில் உயிர்க்குறிகள் இல்லை. எழுத்துகளை வேறுபடுத்தும் புள்ளிகளும் அரிதாகவே இருந்தன. ஆசிரியரின் வாய்மொழியைக் கேட்டு ஓதிய அரபியருக்கு அது இடராகவில்லை. பிறமொழியினர் பெருமளவில் இஸ்லாத்தில் இணைந்தபோதுதான் ஓதுதலில் பிழைகள் நேரலாயின. எனவே ஹிஜ்ரி முதல் நூற்றாண்டில் அபுல் அஸ்வத் அத்துஅலீ (ரஹ்) அவர்கள் உயிரொலிகளை வண்ணப் புள்ளிகளால் குறித்தார்கள் என்பது வரலாற்று மரபு. ஆயினும் எழுத்துப் புள்ளி வேறு, உயிர்ப் புள்ளி வேறு எனக் காட்ட இருநிற மை தேவைப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டில் இலக்கண மேதை கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்கள் சாய்ந்த சிறு அலிஃபை ஃபத்ஹாவாகவும் சிறு வாவை ளம்மாவாகவும் அமைத்தார்கள். ஒரே மை போதுமானதாயிற்று. ஒலிக்கு உறவான எழுத்தே குறியாக நின்றதால் கற்பதும் எளிதாயிற்று. இன்று மக்தபில் அமரும் குழந்தை கற்பது அம்முறையின் வழிவந்த குறிகளையே.

இத்தகைய கவனம் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு வெனிஸ் நகரில் 1537, 1538ஆம் ஆண்டுகளை ஒட்டிப் பகானினி அச்சகத்தார் பதிப்பித்த குர்ஆன் ஓர் எடுத்துக்காட்டு. அதன் அச்செழுத்துகளில் புள்ளியுள்ள தாலும் புள்ளியற்ற தாலும் வேறுபடுத்தப்படவில்லை. ஒரு புள்ளி விடுபட்டால் சொல்லே மாறிவிடும் மொழியில் இது சிறு குறையன்று.

பக்க அமைப்பின் சிறப்பை இன்று உலகறியச் செய்திருப்பது மதீனா முஸ்ஹஃப் ஆகும். மதீனாவில் 1984இல் திறக்கப்பட்ட மன்னர் ஃபஹ்து அச்சகம் இதனை வெளியிட்டு வருகிறது. எழுதியவர் சிரியாவைச் சேர்ந்த உஸ்மான் தாஹா. பக்கத்திற்கு 15 வரிகள், மொத்தம் 604 பக்கங்கள். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் நிறைவோடு முடிகிறது. உஸ்மானிய எழுத்தாளர்கள் முன்னரே கையாண்ட முறை இது. எழுத்துகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் வரிசையாக எழுதியதால், ஒவ்வொரு குறியும் தனக்குரிய எழுத்தருகிலேயே நிற்கிறது.

இதன் பயனை ஹாஃபிழ்கள் நன்கறிவர். ஆயத் பாதியில் நின்று அடுத்த பக்கத்திற்குத் தாவுவதில்லை. எனவே ஒரு பக்கமே ஒரு முழுப் பாடமாகிறது. ஒரு ஜுஸ்வு ஏறத்தாழ 20 பக்கங்கள். இருபது ரக்அத் தராவீஹில் ரக்அத்திற்கு ஒரு பக்கமாக ஓதினால், இரவுக்கு ஒரு ஜுஸ்வு நிறைவுறும். மனனம் செய்பவரின் உள்ளத்தில் ஆயத்தின் ஒலியோடு, வலப்பக்கமா இடப்பக்கமா, மேல்வரியா கீழ்வரியா என்னும் இடமும் பதிகிறது.

ஆகவே, பாதி வழியில் வேறு வரியமைப்புடைய பிரதிக்கு மாறும் மாணவர் தடுமாறுவது மந்தபுத்தியால் அன்று. அவர் மனத்தில் வரைந்துவைத்த பாதை கலைந்துவிட்டது. கைபேசித் திரைக்கேற்ப வரிகளை மாற்றியமைக்கும் செயலிகளிலும் இந்த இழப்பு உண்டு. அச்சுப் பக்கத்தை அப்படியே காட்டுவனவற்றில் இல்லை. ஹிஃப்ழ் தொடங்கும் பிள்ளைக்கு எந்த அமைப்பைத் தேர்ந்தாலும், இறுதிவரை அதனையே தருவது பெற்றோரும் உஸ்தாதும் ஏற்க வேண்டிய பொறுப்பாகும்.