ஸ்பீக்கருக்குச் செல்லும் கம்பி

ஆம்பிளிபயரினின்று ஸ்பீக்கருக்கு மின்சாரத்தைக் கொண்டு செல்லும் கம்பி எத்தகையதாயிருத்தல் வேண்டும்? விலை மிகுந்த கம்பியே இனிய ஓசை தருமென எண்ணிப் பொருளை இழப்பாருமுளர். மெல்லிய கம்பியை நெடுந்தூரம் இழுத்து ஓசையை இழப்பாருமுளர். இவ்விரு சாராருக்கும் விடை பகர்வது, ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் ஸைமன் ஓம் 1827-ல் வெளியிட்ட விதியேயாம்.

செம்புக் கம்பியும் மின்னோட்டத்தைச் சிறிது தடுக்கும். கம்பி நீண்டால் தடை மிகும், பருத்தால் குறையும். ஸ்பீக்கர் 10 மீட்டர் தொலைவிலிருப்பின், மின்சாரம் சென்று மீள 20 மீட்டர் கம்பி வேண்டும். அதன் குறுக்குப் பரப்பு 1 சதுர மில்லிமீட்டராயின், தடை ஏறக்குறைய 0.34 ஓம் ஆகும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது நூற்றுக்கு 4 பங்களவே. 4 ஓம் ஸ்பீக்கருக்கோ 8 பங்குக்கு மேற்படும். இது 5 பங்கைத் தாண்டலாகாதென்பது அநுபவஸ்தர் கொள்கை. தாண்டின், ஆற்றலில் ஒரு பகுதி கம்பியிலேயே வெப்பமாய் வீணாகும். அன்றியும், ஸ்பீக்கரின் தடை ஸ்வரத்துக்கு ஸ்வரம் வேறுபடுவதால், ஓசையின் தன்மையும் சிறிது திரியும். 2.5 சதுர மில்லிமீட்டர்க் கம்பியை இட்டால் தடை 0.14 ஓமாகக் குறைந்து, 4 ஓம் ஸ்பீக்கருக்கும் போதியதாகும்.

ஆகவே கம்பி வாங்கப் புகுவோர், தூரத்தையும் பருமனையும் ஸ்பீக்கரின் ஓம் அளவையும் முதற்கண் நோக்குக. விலையைப் பின்னர் நோக்கினும் அமையும்.