ஒளி தந்ததும் கணக்கு நிரப்பியதும்: திறன்பேசிப் படக்கருவியின் இருவகை உருப்பெருக்கம்

திறன்பேசி வாங்கச் செல்வோரிடம் இன்று முதலில் எடுத்துரைக்கப்படும் எண்களுள் ஒன்று, அதன் படக்கருவி எத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும் என்பது. ஐந்து மடங்கு, பத்து மடங்கு, நூறு மடங்கு என அவ்வெண் உயர்ந்துகொண்டே வந்துள்ளது. ஆயினும், ‘ஸூம்’ என்று நாம் பொதுவாக வழங்கும் அந்த ஒரு சொல் இருவேறு செயல்களைக் குறிக்கிறது. தொலைவிலுள்ள பொருளிலிருந்து வரும் ஒளியையே விரித்துப் பதிவு செய்வது ஒன்று. பதிவான படத்தின் ஒரு பகுதியை வெட்டியெடுத்துக் கணக்கினால் பெரிதாக்குவது மற்றொன்று. முன்னதை ஒளியியல் உருப்பெருக்கம் என்றும், பின்னதை மின்னிலக்க உருப்பெருக்கம் என்றும் கூறுவர்.

இவ்வேறுபாட்டை அறிவது அழகிய படம் விழைவோருக்கு மட்டும் உரிய தேவை எனக் கருதலாகாது. கோபுரச் சிற்பத்தையும், பழைய கடைப் பெயர்ப்பலகையையும், கல்லில் வெட்டிய எழுத்தையும் நாம் இன்று திறன்பேசியைக் கொண்டே ஆவணப்படுத்துகிறோம். படத்தில் காண்பது அங்கே உண்மையில் இருந்ததா, கருவி தானாக வரைந்ததா என்னும் வினா, இதனால் மொழிக்கும் வரலாற்றுக்கும் உரிய வினாவாகிவிட்டது.

ஒளியை விரித்தல்

ஒளிக்கதிர்களை வளைத்துக் குவிப்பது வில்லையின் பணி. நெடுந்தொலைவிலிருந்து வரும் ஒளி குவியும் இடத்துக்கும் வில்லைக்கும் இடைப்பட்ட தூரமே குவியத்தொலைவு. குவியத்தொலைவு இருமடங்கானால், உணரியின்மேல் விழும் உருவமும் இருமடங்காகும். கருவி காணும் பரப்பு அதற்கேற்பக் குறுகும். உணரியிலுள்ள படப்புள்ளிகள் அனைத்தும் அக்குறுகிய பரப்பையே பதிவு செய்வதால், முன்பு தெரியாத நுணுக்கங்கள் இப்போது தெரிகின்றன. ஒளி உணரியை அடையும் முன்னரே பெருக்கம் நிகழ்ந்துவிடுகிறது என்பதே இம்முறையின் சிறப்பு.

தனிப் படக்கருவிகளில் நீண்ட குழல் போன்ற வில்லைத் தொகுதியைப் பொருத்தி இதனை எளிதாகச் செய்யலாம். இக்கலை நம் தீவுக்கு அயலானதும் அன்று. ஜெர்மனியின் ரோலை நிறுவனம் 1971ஆம் ஆண்டு முதல் 1981ஆம் ஆண்டு வரை சிங்கப்பூரில் தொழிற்சாலை நடத்தி, படக்கருவிகளையும் வில்லைகளையும் இங்கே உருவாக்கியது. திறன்பேசியின் தடிமனோ ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர்தான். அதற்குள் நீண்ட குவியத்தொலைவை அடக்குவது எவ்வாறு என்பதே பொறியாளர்களை எதிர்நோக்கிய சிக்கல்.

சாம்சுங் நிறுவனம் 2013ஆம் ஆண்டில் ‘கேலக்சி எஸ்4 ஸூம்’ என்னும் பேசியில், முன்னே நீளும் பத்து மடங்கு வில்லையைப் பொருத்தியது. பேசி பருத்துவிட்டதால் அவ்வழி நிலைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் ‘ஐஃபோன் 7 பிளஸ்’ இரு தனிப் படக்கருவிகளைக் கொண்டு வந்தது. அவற்றுள் ஒன்றின் குவியத்தொலைவு மற்றதைப் போல் இருமடங்கு. 2019ஆம் ஆண்டின் ‘ஹுவாவெய் பி30 புரோ’ நீர்மூழ்கிக் கப்பலின் பெரிஸ்கோப்பை ஒத்த அமைப்பைக் கையாண்டது. உள்ளே நுழையும் ஒளியை ஒரு பட்டகம் செங்கோணத்தில் திருப்புகிறது. வில்லைகள் பேசியின் உடலுக்குள் படுக்கைவாட்டில் வரிசையாக அமைகின்றன. தடிமனில் கிடைக்காத இடம் அகலத்தில் கிடைத்தது. ஐந்து மடங்கு ஒளியியல் பெருக்கம் இவ்வாறு கைக்குள் வந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பெரும்பாலான திறன்பேசிகளில் ஒளியியல் பெருக்கம் என்பது படிக்கட்டுப் போன்றது. ஒரு மடங்கு, மூன்று மடங்கு, ஐந்து மடங்கு எனக் குறித்த சில படிகளில்தான் தனி வில்லைகள் உள்ளன. படிகளுக்கு இடைப்பட்ட எண்களை மின்னிலக்க முறையே நிரப்புகிறது. சோனி நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு ‘எக்ஸ்பீரியா 1 IV’ போல வில்லைகளே நகர்ந்து ஓர் எல்லைக்குள் தொடர்ச்சியாகப் பெருக்கும் பேசிகள் மிகச் சிலவே.

எண்ணைப் பெருக்குதல்

மின்னிலக்க உருப்பெருக்கத்தில் வில்லை மாறுவதில்லை, ஒளியும் கூடுவதில்லை. நடுப்பகுதியை வெட்டி, அதனை முழுப்படத்தின் அளவுக்கு நீட்டுவதே நிகழ்கிறது. 12 மில்லியன் படப்புள்ளிகள் கொண்ட படம் நீளத்தில் 4,000 புள்ளிகளும் உயரத்தில் 3,000 புள்ளிகளும் உடையது எனக் கொள்வோம். இருமடங்கு பெருக்கினால் நீளமும் உயரமும் பாதியாகி, மூன்று மில்லியன் புள்ளிகளே எஞ்சும். பத்து மடங்கு பெருக்கினால் எஞ்சுவது நீளத்தில் 400, உயரத்தில் 300, ஆக 120,000 புள்ளிகள்; அதாவது, நூற்றில் ஒரு பங்கு.

ஆயினும் நம் கையில் கிடைக்கும் படத்தில் மறுபடியும் 12 மில்லியன் புள்ளிகள் இருக்கின்றன. இடைப்பட்ட புள்ளிகளுக்கு, அண்டைப் புள்ளிகளின் நிறத்தைக் கொண்டு மென்பொருள் ஒரு மதிப்பைக் கணித்து இடுகிறது. ஐந்து புள்ளிக் கோலத்தை எவ்வளவு இடைவெளி விட்டுப் பெரிதாக இட்டாலும் அது ஐந்து புள்ளிக் கோலமே. ஒன்பது புள்ளிக் கோலத்தின் நுணுக்கம் அதில் வாராது. மின்னிலக்கப் பெருக்கத்தின் இயல்பும் அத்தகையதே.

எழுத்தின் தலையிலுள்ள புள்ளி

இவ்வேறுபாடு தமிழ் எழுத்தில் எவ்வாறு வெளிப்படும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டில் இந்தியாவின் ஒரு தெருவில், நாற்பது மீட்டர் தொலைவில் ஒரு பெயர்ப்பலகை இருக்கிறது என்போம். அதன் எழுத்துகள் பத்து சென்டிமீட்டர் உயரம். மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். திறன்பேசியின் வழக்கமான முதன்மை வில்லை அத்தொலைவில் ஏறத்தாழ 55 மீட்டர் அகலப் பரப்பைக் காணும். அதனை 4,000 புள்ளிகளாகப் பகுத்தால், ஒரு படப்புள்ளி 14 மில்லிமீட்டருக்கு ஈடாகும். எழுத்து முழுவதும் ஏழு படப்புள்ளி உயரத்துக்குள் அடங்கிவிடும். மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது ஒரே ஒரு படப்புள்ளி. அதுவும் அருகிலுள்ள கோட்டோடு கலந்துவிடக்கூடும்.

ஐந்து மடங்கு ஒளியியல் வில்லை இதே எழுத்தை ஏறத்தாழ 36 படப்புள்ளி உயரத்தில் பதியும். தலைப்புள்ளிக்கு ஐந்து படப்புள்ளி அகலம் கிடைக்கும். மின்னிலக்க முறையில் ஐந்து மடங்காக்கினாலும் எழுத்து திரையில் அதே அளவாகத் தோன்றும். ஆனால் அதன் உள்ளடக்கம் பழைய ஏழு புள்ளி உயரமே.

தமிழில் இந்நுணுக்கம் பொருளையே மாற்றவல்லது. ஒரு சுழி குறைந்தால் ‘மணம்’ ‘மனம்’ ஆகும். கொம்பின் சுழி மங்கினால் ‘கோடி’யும் ‘கொடி’யும் ஒன்றாகும். கீழ்க்கோடு மறைந்தால் ‘ஏடு’ ‘எடு’ ஆகிவிடும்.

நேர்மையான இடைவழிகள்

மின்னிலக்க முறை முழுவதையும் ஏமாற்று எனத் தள்ளிவிடுதல் முறையாகாது. நோக்கியா நிறுவனத்தின் ‘808 பியூர்வியூ’ 2012ஆம் ஆண்டிலேயே 41 மில்லியன் படப்புள்ளி உணரியுடன் வந்தது. அத்தனை புள்ளிகள் இருக்கும்போது நடுப்பகுதியை வெட்டினாலும் நல்ல படத்துக்கு வேண்டிய தகவல் எஞ்சியிருக்கும். 48 மில்லியன் படப்புள்ளி உணரியின் நடுவிலுள்ள 12 மில்லியனைக் கொண்டு இருமடங்கு பெருக்கம் தரும் இன்றைய பேசிகளின் முறையும் இத்தகையதே.

கூகல் நிறுவனம் 2018ஆம் ஆண்டில் ‘பிக்சல் 3’ பேசியில் கையாண்ட வழி இன்னும் நுட்பமானது. படமெடுப்பவரின் கை இயல்பாகவே சற்று நடுங்கும். அதனால், அடுத்தடுத்து எடுக்கப்படும் படங்கள் ஒரு படப்புள்ளியின் சிறு பின்ன அளவு விலகியிருக்கும். ஒரு படத்தில் இரு புள்ளிகளுக்கு இடையே விடுபட்ட விவரம் அடுத்த படத்தில் பதிவாகியிருக்கும். அவற்றை ஒன்றிணைத்தால் நுணுக்கம் கூடுகிறது. இங்கே சேர்ந்த தகவல் காட்சியிலிருந்தே வந்த தகவல், ஒளி தந்தது.

கருவி வரையத் தொடங்கும்போது

மூன்றாவது நிலையில்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். மென்பொருள் தான் முன்பு கற்ற பல்லாயிரம் படங்களின் துணையால், ‘இங்கே இவ்வாறு இருந்திருக்கலாம்’ எனத் தானே நிரப்புகிறது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஒரு பயனர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் இட்டு, அதனைச் சாம்சுங் பேசியால் படமெடுத்துக் காட்டினார். மங்கலான அப்படத்தில் இல்லாத நிலவுப் பள்ளங்கள் பேசி தந்த படத்தில் தெளிவாகத் தோன்றின. காட்சியில் நிலவு இருப்பதைச் செயற்கை நுண்ணறிவு அறிந்து நுணுக்கங்களை மேம்படுத்துகிறது என அந்நிறுவனமும் விளக்கம் அளித்தது. நிலவு நமக்கு என்றும் ஒரே முகத்தையே காட்டுவதால், அந்த நிரப்புதல் பெரும்பாலும் பொருந்திவிடுகிறது. சிராங்கூன் சாலையின் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயக் கோபுரத்துச் சிற்பங்களோ ஒவ்வொன்றும் தனித்தன்மை உடையவை. அவற்றின் கையிலுள்ள படைக்கலத்தை ‘இருந்திருக்கலாம்’ என வரைந்துவிட்டால், அப்படம் ஆவணமாகாது. தமிழ் எழுத்தைக் குறைவாகவே கற்ற மென்பொருள், மங்கிய சுழியைத் தான் நன்கறிந்த வேறொரு வடிவமாக வரைந்துவிடவும் கூடும்.

அடைப்புக்குறியின் அறம்

இல்லாததை ஊகித்தல் அறிவுலகுக்குப் புதிதன்று. தமிழ்ப் பதிப்பாசிரியர்கள் அதனைச் செய்தே வந்துள்ளனர். ஓலையில் எழுதியோர் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இடவில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்வது படிப்போர் கடமையாக இருந்தது. ஆனால், ஊகத்தை ஊகமாகவே காட்டுதல் அவர்தம் ஒழுக்கம். உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது, கிடைக்காத பாடல்களையும் சிதைந்த அடிகளையும் தம் புலமையால் இட்டு நிரப்பிவிடவில்லை; இடம் விட்டே காட்டினார். கல்வெட்டுப் பதிப்பாளர்கள் ஐயத்துக்குரிய எழுத்துகளை அடைப்புக்குறிக்குள் இடுகின்றனர்.

நம் தீவின் மிகப் பழைய எழுத்துச் சான்றான சிங்கப்பூர்க் கல் இவ்வொழுக்கத்தின் பெறுமதியை உணர்த்தும். சிங்கப்பூர் ஆற்றின் முகத்துவாரத்தில் 1819ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட அப்பாறை, 1843ஆம் ஆண்டில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. இங்கே ஒளிப்படம் எடுத்துத் தருவதாக முதல் விளம்பரம் வெளிவந்ததும் அதே ஆண்டின் இறுதியில்தான். பாறையை முழுதாக எந்த வில்லையும் காணவில்லை. கையால் வரைந்த படிகளும், தேசிய அரும்பொருளகத்திலுள்ள ஒரு துண்டுமே இன்று ஆய்வாளர்க்கு ஆதாரம். அதன் எழுத்து இன்னும் உறுதியாகப் படிக்கப்படவில்லை. ‘கேசரிவ’ என்னும் எழுத்துகள் அதில் உள்ளன என்றும், அது பரகேசரிவர்மன் என்னும் சோழர் பட்டத்தின் பகுதியாகலாம் என்றும் 2019ஆம் ஆண்டில் இயன் சின்கிளேர் கருத்துரைத்தார். அது கருதுகோள் என்ற பெயருடனேயே முன்வைக்கப்பட்டது. அதனால்தான் பிறர் அதனை ஆராயவும் மறுக்கவும் இயலுகிறது.

திறன்பேசி தரும் படத்தின்மேல் அடைப்புக்குறி ஏதும் தெரிவதில்லை. ஒளி தந்த கோடும் மென்பொருள் வரைந்த கோடும் ஒரே தெளிவுடன் அருகருகே நிற்கின்றன. இக்குறையை நீக்கும் முயற்சிகள் தொடங்கியுள்ளன. 2025ஆம் ஆண்டின் ‘பிக்சல் 10 புரோ’ நூறு மடங்கு வரையிலான பெருக்கத்துக்கு ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறது. அதே வேளை, படம் உருவான முறையைக் குறிக்கும் சான்றுத் தகவலையும் கோப்பினுள் பதிக்கிறது. இதனை மின்னிலக்க அடைப்புக்குறி எனலாம்.

நாம் கைக்கொள்ளத்தக்கவை

முதலாவதாக, நம் பேசியின் ஒளியியல் படிகள் எவை என அறிந்து, அவற்றிலேயே படமெடுப்பது நன்று. எந்த வில்லை இயங்குகிறது என்பதை அறிய எளிய சோதனை உண்டு: பெருக்கத்தைக் கூட்டிவிட்டு, தொலைநோக்கு வில்லையை விரலால் மூட வேண்டும். திரை இருளாவிட்டால், முதன்மை வில்லையின் படத்தையே கருவி வெட்டிக் காட்டுகிறது என்பது பொருள். தீபாவளி ஒளியூட்டுக் காலத்து இரவுகளில் இவ்வாறு நேர்வது இயல்பு. தொலைநோக்கு வில்லைக்குள் புகும் ஒளி குறைவாதலால், மூன்று மடங்கு எனத் திரை காட்டும்போதும் பேசி முதன்மை வில்லைக்கே திரும்பிவிடலாம். பொருள் மிக அருகில் இருக்கும்போதும் அவ்வாறே நேரும்.

இரண்டாவதாக, அணுக இயலும் பொருளை அணுகியே எடுக்க வேண்டும். நாற்பது மீட்டரை எட்டு மீட்டராக்கும் நடை, ஐந்து மடங்கு வில்லைக்கு ஈடானது. பெரிய பலகையையும் நீண்ட கல்வெட்டையும் பகுதி பகுதியாக எடுப்பது, முழுவதையும் ஒரே படத்தில் அடக்கிப் பின்னர்ப் பெருக்குவதினும் மேலானது.

மூன்றாவதாக, மூலக் கோப்பை அழிக்காமல் காக்க வேண்டும். மேம்படுத்திய படத்தைப் பிறர்க்கு அனுப்பும்போது, அது மேம்படுத்தியது எனக் குறிப்பது கடமை. இன்னும் நூறாண்டு கழித்து லிட்டில் இந்தியாவின் பெயர்ப்பலகைகளை ஆராய்வோர்க்கு இன்றைய திறன்பேசிப் படங்களே கல்லும் ஓலையுமாக அமையக்கூடும். தெளிவாகப் படிக்க இயலாத எழுத்து மங்கலாகவே இருப்பினும் அவர்கள் அதனை ஆராய்ந்து அறிவர். கருவி பிழையாக வரைந்து தெளிவாக்கிய எழுத்தை அவர்கள் ஐயுறவே காரணம் இராது.