முருகைக்கல் முகம் காட்டும் நேரம்

கந்தப்பளையில் கம்பளிச் சட்டையைக் கழற்ற முடியாத இரவிலும், முருகைக்கல் தொட்டிக்குள் தண்ணீர் 25 பாகை செல்சியஸ் இருந்தாக வேண்டும். கொழும்பில் இதே தொட்டி வைத்திருப்பவர் தண்ணீரைக் குளிர்விக்கப் பாடுபடுவார். 6,000 அடிக்கு மேலே இருக்கும் நமக்கோ சூடாக்கும் கருவிதான் உயிர். ஒன்று பழுதானால் மற்றது காக்கட்டும் என்று இரண்டு வைப்பது நல்லது. பீலித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே ஊற்றக்கூடாது. வடிகட்டிச் சுத்திகரித்து, லீற்றருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை சேர்க்க வேண்டும்.

கல் என்று சொன்னாலும் முருகை ஓர் உயிர்தான். சின்னஞ்சிறு பூப்போன்ற விலங்குகள் கூட்டமாக வாழ்ந்து, தமக்கு அடியில் சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டே போகின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் வெளிச்சத்தில் உணவு தயாரித்துக் கொடுக்கின்றன. தொட்டிக்கு மேலே நீல விளக்கு எரிவது அந்தப் பாசிகளுக்காகத்தான்.

முருகையைப் படம் எடுக்கப் போனால், கமராவுக்குத் தொல்லை தருவதும் அதே நீலம்தான். கண்ணுக்குப் பச்சையும் செம்மஞ்சளுமாக ஒளிரும் முருகை, படத்தில் வெறும் நீலக் குழம்பாகிவிடும். படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் வெள்ளை விளக்கைக் கூட்டலாம். அல்லது வில்லைக்கு முன்னால் மஞ்சள் வடிகட்டி வைக்கலாம். கடலில் சில மீற்றர் இறங்கினாலே சிவப்பு நிறம் மங்கிப்போகும். இரண்டடித் தொட்டியில் அந்தக் கவலை இல்லை. சுழியோடிக்குக் கிடைக்காத வசதி இது.

முதலில் கண்ணாடியின் உட்புறப் பாசியைச் சுரண்டி எடுங்கள். அறை விளக்கை அணையுங்கள். நீரோட்டப் பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தினால் உணர்கொம்புகள் ஆடாமல் நிற்கும். படம் எடுத்ததும் மறக்காமல் மீண்டும் போடுங்கள். கமராவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடியுங்கள். சற்றுச் சாய்ந்தாலும் ஒளி விலகி, ஓரங்களில் நிறம் பிரிந்து படம் மங்கும். மேலிருந்து எடுக்க, அடிப்பக்கம் கண்ணாடி வைத்த சிறு பெட்டியை நீர்மட்டத்தில் அழுத்தி அதன் வழியே பாருங்கள். குளிர்ந்த கமராவைச் சூடான தொட்டிக்கு மேலே கொண்டுபோனதும் வில்லையில் பனி படியும். அரைமணி நேரம் முன்பே அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். நம் ஊரில் இந்த முன்னேற்பாட்டைத் தவிர்க்க முடியாது.

இத்தனை பாடுபட்டு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கடின முருகையின் உணர்கொம்புகள் பெரும்பாலும் ஆறு அல்லது ஆறின் மடங்கு. மென்முருகை பலவற்றில் சரியாக எட்டு, ஒவ்வொன்றின் இரு ஓரமும் இறகுபோலக் கிளைத்திருக்கும். கண்ணுக்கு எளிதில் அகப்படாத இந்தக் கணக்கைப் படத்தில் விரல்விட்டு எண்ணலாம். பல வகைகள் இருட்டிய பிறகே முழுதாக விரியும். ஆகவே இரவில் எடுங்கள்.

இலங்கைக் கடலடியைப் படம்பிடித்த கதை பழையது. 1956இல் இங்கே குடியேறிய எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், நண்பர் மைக் வில்சனுடன் சுழியோடினார். அந்த அனுபவம் 1957இல் 'தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரோபேன்' என்ற நூலானது. இலங்கையின் முருகைப் பாறைகள் பிறகு பெருங்கேடு கண்டன. 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவைப் பகுதி முருகைகள் பெருமளவில் வெளுத்து மடிந்தன.

முருகைக்கல்லைக் கடலிலிருந்து உடைத்தெடுப்பது நம் நாட்டில் குற்றம். யார் விற்றாலும், எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வாங்காதீர்கள். தொட்டி வைக்க வசதியில்லாத தோட்டத்துப் பிள்ளைகள், நிலாவெளிக்குச் சுற்றுலா போகும்போது, 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவைப் பார்க்கலாம். அங்கே தண்ணீருக்குள் இறங்கினால், தயவுசெய்து முருகைக்கல் மேல் கால் வைக்காதீர்கள்.