வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியும் அதன் ஊசியும்

துப்பாக்கி என்றவுடன் போரும் கொலையுமே நினைவிற்கு வருதல் இயல்பு. ஆயினும், அக்கருவியின் வரலாற்றில் ஒரு பெருந்திருப்பத்தை உண்டாக்கியவர் ஒரு குருவானவர் என்பது வியப்பிற்குரியதன்றோ! ஸ்காட்லாந்து தேசத்துப் பெல்ஹெல்வி என்னும் ஊரில் திருத்தொண்டு புரிந்த அலெக்சாந்தர் போர்சைத் என்பார் பறவை வேட்டையில் விருப்பம் மிக்கவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துப்பாக்கியில், வெளியே கிண்ணத்திலிட்ட மருந்து முதலிற் பளிச்சிட, அதுகண்டு பறவைகள் பறந்துவிடும். இக்குறையை நீக்கக் கருதிய அவர், அடிபட்ட மாத்திரத்தில் தீப்பற்றும் மருந்தைக் கையாண்டு, 1807ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். பின்னாளில் அத்தகைய மருந்து சிறு செப்புமூடியுள் அடைக்கப்பட்டுக் 'கேப்பு' என வழங்கலாயிற்று.

வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கியாவது, குழலின் வாய்வழியே முதலில் மருந்தையும் பின்னர்க் குண்டையும் இட்டு, கெஜக்கோலால் இறுக்கப்படுவது. குழலினுள்ளே புரி வெட்டியிருப்பின் அது ரைபிள் எனப்படும். பழைய வகையில் குதிரையே கேப்பை நேரே அடிக்கும். ஊசி என்பதொன்று இல்லை. அமெரிக்கராகிய டோனி நைட் என்பார் 1985இல் எம்.கே.-85 என்னும் துப்பாக்கியை வெளியிட்டபின், கேப்பு குழலுக்கு நேர் பின்னே அமைந்த புதுவகைகள் பெரிதும் பரவின. இவற்றுட் பலவற்றில், சுருள்வில்லால் உந்தப்பட்டேனும் குதிரையால் அடிக்கப்பட்டேனும் ஓர் ஊசி முன்சென்று கேப்பைத் தாக்கும். இதனையே ஆங்கிலேயர் 'பயரிங் பின்' என்பர்.

இவ்வூசிக்குப் பகை யாது? கருமருந்தின் கசடே. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றுஞ் சேர்ந்த அம்மருந்து எரிந்தபின் எஞ்சும் கசடு, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும். கசடும் பழைய கொழுப்பும் ஊசியைப் பற்றிக்கொள்ளின், இரண்டு தீங்குகள் விளையும். ஊசி மெல்ல அடிப்பின் கேப்பு வெடியாது. ஊசி முன்னே சிக்கி நிற்பின், கேப்பிட்டு மூடும்போதே வெடித்தலுங் கூடும். ஊசிமுனை உடைந்து கூராயின் கேப்பு துளைபட்டு, வெந்த ஆவி சுடுவோன் முகத்தின்மேற் பாயும். ஆதலின் முனை வழவழப்பாய்த் திரண்டிருத்தல் வேண்டும். ஊசி தடையின்றி இயங்கவும் வேண்டும். குழலைச் சோப்பிட்ட வெந்நீராற் கழுவி, ஈரமற உலர்த்துக. ஊசியைத் துடைத்து மெல்லிய எண்ணெய் சிறிதே பூசுக. தடித்த கொழுப்பு குளிரில் உறைந்து ஊசியைத் தாமதிக்கச் செய்யும்.

நிற்க, இவையனைத்திற்கும் முன் செய்யவேண்டிய சோதனை ஒன்றுண்டு. இத்துப்பாக்கி கெட்டிக்கப்பட்டுள்ளதா என்பதை வெளித்தோற்றத்தால் அறிதல் அரிது. வெறுங்குழல் என்று உறுதியாய் அறிந்த காலத்திற் கெஜக்கோலை அடிவரை செலுத்தி, வாயருகே கோலில் ஒரு கோடு கீறிவைக்க. பிறகு எப்போதேனும் அக்கோடு வாய்க்கு மேலே நிற்குமாயின், உள்ளே மருந்துண்டு என உணர்க. ஈரம் படாத மருந்து பல்லாண்டு கழிந்தும் வெடிக்கும். பாட்டன் காலத்துத் துப்பாக்கிதானே என்று விளையாடி உயிரிழந்தோர் உளர்.

விசையை இழுத்தும் வெடியாதாயின், உடனே திறந்து பாராது, வாயை ஆளில்லாத் திசை நோக்கியே ஒரு நிமிஷத்திற்குக் குறையாமற் பிடித்திருத்தல் வேண்டும். தாமதித்து வெடித்தலும் உண்டு. கருமருந்துக்கென அமைந்த துப்பாக்கியிற் புகையில்லா மருந்தை இடின், குழலே பிளந்துவிடலாம்.

சிறியதோர் ஊசி, அதனைத் துடைக்கச் சில நிமிஷங்கள். அவற்றை மிச்சப்படுத்த எண்ணுவோன் பணயம் வைப்பது தன் கண்ணையும், அருகு நிற்போன் உயிரையுமே என்பதை நாம் மறவாதிருப்போமாக.