மச்சி ஆரம்பிக்கிற மனநல முயற்சிக்கு மாசம் ஆயிரம்: ஜிபே பண்றதுக்கு முன்னாடி

பௌர்ணமி கிரிவலத்துக்கு அன்னதானம்னா நாம ரசீது கேட்கிறதில்லை. ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துட்டு நடந்துட்டே இருப்போம். சாப்பாடு கண்ணு முன்னாடியே இலையில் விழுதே! ஆனால் வேங்கிக்காலில் உங்ககூடப் படிச்ச நாலு பேர், கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ரூம் எடுத்து, "பிளஸ் டூ, காலேஜ் பசங்க மனசு விட்டுப் பேச ஒரு இடம் வைக்கிறோம், மாசம் ஆயிரம் கொடு மச்சி"ன்னு கேட்டால்? இங்கே பலன் சட்டுனு கண்ணுக்குத் தெரியாது. கேள்வி கேட்டுத்தான் ஆகணும்.

"கம்பெனி சிஎஸ்ஆர்ல வாங்கிக்கட்டுமே" என்று தோணும். பெரிய கம்பெனிகள் சராசரி லாபத்தில் 2% செலவு பண்ணணும், உண்மைதான். ஆனால் வெளி அமைப்புக்கு அந்தப் பணம் போகணும்னா 12ஏ, 80ஜி பதிவோடு, அதே மாதிரி வேலையில் குறைந்தது 3 வருட அனுபவமும் வேணும். அந்த முதல் 3 வருடம் யார் தாங்குவது? உங்களை மாதிரி சம்பளக்காரங்கதான்.

சின்னப் பசங்க ஆரம்பிச்சா நிலைக்குமா? 1993-ல் சென்னையில் 'தி பேன்யன்' தொடங்கியபோது வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் இருபதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தாங்க. தெருவில் விடப்பட்ட, மனநலம் பாதித்த பெண்களுக்கான அந்த இடம் முப்பது வருடம் தாண்டியும் நடக்கிறது.

நான் முதலில் கேட்பது கணக்கை இல்லை. ஒரு பையன் வந்து "சாகணும் போல இருக்கு"ன்னு சொன்னா அடுத்து என்ன செய்வீங்க? எந்த டாக்டரிடம் அனுப்புவீங்க? உட்கார்ந்து கேட்கிறவருக்கு யார் பயிற்சி கொடுத்தாங்க? சென்னையில் 1986-லிருந்து நடக்கும் 'சினேகா'வில் பேச்சைக் கேட்பது தன்னார்வலர்கள்தான், ஆனால் பயிற்சி எடுத்தவர்கள். சம்பளம் இல்லை என்பதால் செலவே இல்லைன்னு ஆகாது. போஸ்டருக்கும் டி-ஷர்ட்டுக்கும் போகிற காசு பயிற்சிக்குப் போகட்டும். அரசின் டெலி-மனாஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இதுகூடத் தெரியாத குழுவுக்கு இப்போதைக்குப் பணம் வேண்டாம்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ஒருத்தரின் சொந்த ஜிபே நம்பரில் வசூல் பண்ண விடாதீங்க. உறவினர் அல்லாதவங்ககிட்ட இருந்து ஒரு நிதியாண்டில் வரும் அன்பளிப்பு ரூ.50,000-ஐத் தாண்டினால், மொத்தத் தொகையும் அவருடைய வருமானமாகவே பார்க்கப்படலாம். பாவம், நல்லது செய்யப் போய் வரி கட்டுவார். டிரஸ்ட் அல்லது சொசைட்டியாகப் பதிவு செய்து, அதன் பெயரில் கணக்கு திறக்கச் சொல்லுங்க.

வரிச்சலுகைக்காகக் கொடுக்கிறீங்கன்னா, புதிய வரிமுறையில் இந்த மாதிரி நன்கொடைக்கு 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் பொதுவாக 50%. வருடம் ரூ.12,000 கொடுத்தால் ரூ.6,000 கழியும், 20% வரம்பில் இருந்தால் செஸ்ஸோடு மிச்சம் ரூ.1,248. அவ்வளவுதான். ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. அமைப்பு உங்களுக்கு ஃபார்ம் 10பிஇ தரணும்; நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் அது கைக்கு வந்ததா, பான் எண் சரியா இருக்கான்னு பார்த்துட்டு ரிட்டர்ன் போடுங்க.