ஏ.சி. வெளி யூனிட்டில் ‘ஹை பிரஷர்’: சந்தேகங்களும் விளக்கங்களும்

வெயில் ஏறும் பிற்பகலில் ஏ.சி. திடீரென நின்றுவிடுவதும், சற்று நேரத்தில் தானாக ஓடத் தொடங்குவதும் கோடையில் வழக்கமாக எழும் புகார். வெளி யூனிட்டில் அழுத்தம் வரம்பை மீறுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

‘ஹை பிரஷர்’ கோளாறு என்றால் என்ன?

அறையில் உறிஞ்சப்பட்ட வெப்பத்தை, வெளி யூனிட்டில் உள்ள கன்டென்சர் காயில் வழியாகக் கேஸ் வெளிக்காற்றில் விட்டுவிட்டுத் திரவமாகிறது. வெப்பம் வெளியேறத் தடை இருந்தால் அழுத்தம் ஏறும். அழுத்த சுவிட்ச் பொருத்தப்பட்ட ஆர்-32, ஆர்-410ஏ இயந்திரங்களில் பெரும்பாலும் 600 பிஎஸ்ஐ அளவை ஒட்டி கம்ப்ரசர் நிறுத்தப்படும். வீட்டு ஸ்பிளிட் ஏ.சி.க்கள் பலவற்றில் இந்த சுவிட்ச் கிடையாது. காயிலின் சூட்டையும் மின்னோட்டத்தையும் கண்காணிக்கும் சென்சார்களே நிறுத்துகின்றன.

கேஸ் குறைந்ததால்தானே ஏ.சி. நிற்கிறது? நிரப்பினால் சரியாகிவிடாதா?

கேஸ் குறைந்தால் வெளி யூனிட்டில் அழுத்தம் பொதுவாக இறங்குமே தவிர ஏறாது. எனவே இந்தக் கோளாறுக்குக் ‘கேஸ் டாப்-அப்’ செய்வது நிலைமையை மோசமாக்கவே செய்யும். அளவுக்கு மீறி நிரப்பப்பட்ட கேஸே பல நேரங்களில் காரணமாக இருக்கிறது. இயந்திரத்துக்கு உரிய அளவு வெளி யூனிட் ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். அதை எடை பார்த்தே நிரப்ப வேண்டும்.

இரவில் நன்றாக ஓடும் ஏ.சி. பிற்பகலில் மட்டும் நிற்பது ஏன்?

ஏ.சி.யின் குளிரூட்டும் திறன் 35 டிகிரி செல்சியஸ் வெளி வெப்பத்தில் சோதித்துக் குறிக்கப்படுகிறது. வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, தூசி படிந்த காயிலால் வெப்பத்தை விட முடிவதில்லை. அடுக்குமாடிகளின் குறுகிய டக்ட்டில் பல யூனிட்கள் அடுக்கப்பட்டிருந்தால், ஒன்று விடும் சூடான காற்றை மற்றொன்று இழுத்துக்கொள்ளும். அங்கு காயிலை எத்தனை முறை கழுவினாலும் முழுப் பலன் கிடைக்காது; இடத்தை மாற்றுவதே வழி.

வீட்டிலேயே எவற்றைச் சரிபார்க்கலாம்?

வெளி யூனிட் விசிறி சுழல்கிறதா, அதன் முன்னும் பின்னும் துணி, அட்டை, செடி மறைக்கின்றனவா என்று பார்க்கலாம். கம்ப்ரசர் ஓடியும் விசிறி சுழலாவிட்டால் கப்பாசிட்டர் அல்லது மோட்டார் பழுதாக இருக்கலாம். உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். மூடியைக் கழற்றுவது ஆபத்தானது, ஏனெனில் இன்வெர்ட்டர் யூனிட்டின் உள்ளே மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

காயில், விசிறி இரண்டும் சரியாக இருந்தும் அழுத்தம் ஏறினால்?

குழாய்களுக்குள் காற்று புகுந்திருக்கலாம். பொருத்தும்போது வாக்யூம் பம்ப் பயன்படுத்தாத இடங்களில் இது நேர்கிறது. கம்ப்ரசரை நிறுத்தி, அறையும் வெளியும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்கும்போது கேஜில் பார்த்தால் இது தெரியும்: ஆர்-32 கேஸ் 35 டிகிரியில் சுமார் 300 பிஎஸ்ஐ காட்ட வேண்டும், அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் காற்று கலந்துள்ளது எனக் கருதலாம். அப்போது கேஸ் முழுவதையும் மீட்டெடுத்து, 500 மைக்ரானுக்குக் கீழே வாக்யூம் செய்து, எடை பார்த்துப் புதிதாக நிரப்ப வேண்டும்.

பாதுகாப்பு சுவிட்சை நேரடியாக இணைத்து ஓட்டலாமா?

கூடாது. அழுத்தம் கட்டுப்பாடின்றி ஏறினால் குழாய் வெடிக்கக்கூடும். ஆர்-32 எளிதில் பற்றாவிட்டாலும் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது.

பழைய ஆர்-22 இயந்திரத்தில் ஆர்-32 நிரப்பலாமா?

கூடாது. 50 டிகிரியில் ஆர்-22 கேஸின் அழுத்தம் சுமார் 265 பிஎஸ்ஐ; ஆர்-32 கேஸின் அழுத்தம் சுமார் 440 பிஎஸ்ஐ. பழைய கம்ப்ரசரும் அதன் எண்ணெயும் இதற்கு உரியவை அல்ல.

வாரண்டியில் இலவசமாகச் செய்து தருவார்களா?

கம்ப்ரசருக்குத் தரப்படும் நீண்ட கால வாரண்டி பெரும்பாலும் கம்ப்ரசருக்கு மட்டுமே பொருந்தும். காயில் கழுவுதல், கேஸ், கூலி ஆகியவை அதில் அடங்குமா என்பதை வாரண்டி அட்டையின் நிபந்தனைகளில் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஸ் நிரப்பினால் அதன் வகையையும் எடையையும் பில்லில் எழுதி வாங்கினால், அடுத்த முறை அளவு கூடியதா என்று சரிபார்க்க உதவும்.